பித்தளைக் கரி இஸ்திரிப் பெட்டி: கஞ்சி வேட்டிக்கு இதை அடிக்க ஆள் இல்லை

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் பழைய பித்தளைக் கரிப்பெட்டி வாங்கினேன். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, விலை 5,000 ரூபாயைத் தாண்டியது. எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள், அதனால் பேரத்துக்குப் பெரிதாக இடமில்லை. கஞ்சி போட்ட வேட்டி, கதர்ச் சட்டை, சுங்குடிச் சேலை தேய்க்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டில் பாலியஸ்டரும் டிஷர்ட்டும்தான் அதிகம் என்றால் வேண்டாம், கரண்ட் பெட்டியே போதும்.

அமைப்பு ரொம்ப எளிது. மூக்குப் பக்கம் கூர், பின்பக்கம் தட்டை, மேலே கீல் வைத்த மூடி, மூடியைப் பூட்ட முன்னால் சேவல் வடிவத்தில் ஒரு கொண்டி. பக்கவாட்டில் வரிசையாகக் காற்றோட்டைகள். கைப்பிடி மரம், அதற்கும் மூடிக்கும் நடுவில் சூடு கையில் அடிக்காமல் இருக்க ஒரு தகடு. இவ்வளவுதான், பழுதாவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனால் வேலை செய்வது பெட்டி இல்லை, அதற்குள் இருக்கிற கங்கு. அதைப் புரிந்துகொண்டால்தான் இந்தப் பெட்டி உங்களுக்கு ஒத்துழைக்கும்.

மரத்தை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று சரியாகப் போகாதபடி வேக வைத்தால் ஈரமும் புகை தருகிற சமாச்சாரங்களும் வெளியேறி, மிச்சம் நிற்பதுதான் கரி, அதில் பெரும்பாலும் கரிமம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் செய்வது இதைத்தான். அந்தக் கரி எரியும்போது கொழுந்து விடாது, கரும்புகை கக்காது, அடங்கி நின்று சூட்டைக் கொடுக்கும். வெள்ளைத் துணிமேல் நெருப்பை நகர்த்த முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் குணம்தான். சரியாக வேகாத கரியைப் போட்டால் புகையும், துணியில் வாடை ஏறும். எனக்குப் பிடித்தது சிரட்டைக்கரி, சூடு சீராக நிற்கிறது. கரியை வெளியே ஒரு மண்சட்டியில் மூட்டி, மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்த பிறகு இடுக்கியால் எடுத்துப் பெட்டிக்குள் போட வேண்டும். பத்து நிமிடத்தில் அடித்தட்டு தயாராகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், அங்கேயே கிடந்து கொதித்தால் இன்னும் சூடு வேண்டும், உருண்டு துள்ளி ஓடினால் வேட்டிக்குச் சரி. சூடு குறைந்தால் பெட்டியை வெளியே கொண்டுபோய் முன்னும் பின்னும் வீசினால் போதும், ஓட்டை வழியாகக் காற்று புகுந்து கங்கு மறுபடி சிவக்கும்.

தேய்க்கும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. கரண்ட் பெட்டி லேசு, அதனால் கஞ்சி மொடமொடப்பை அமுக்கக் கைதான் பலம் போட வேண்டும். இதில் எடையே அமுக்கிவிடும், நாம் வழி காட்டினால் போதும். ஈரம் தெளித்த வேட்டியின் கரைமேல் ஒரே இழுப்பில் போனால் சுருக்கம் திரும்பி எழுவதே இல்லை. தடித்த பித்தளை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த யோசனை ரொம்பப் பழையது. சீனாவில் ஹான் அரசர்கள் காலத்திலேயே கங்கு நிரப்பிய உலோகக் கிண்ணத்தால் பட்டுத் துணியைத் தேய்த்திருக்கிறார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு சீனப் பட்டுச்சுருள் ஓவியம் இருக்கிறது, இணையத்தில் தேடிப் பாருங்கள். பெண்கள் நீளமான பட்டுத் துணியை இழுத்துப் பிடித்து நிற்க, ஒருத்தி நீண்ட காம்பு வைத்த கிண்ணத்தால் தேய்க்கிறாள், பட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெண் விளையாடுகிறாள். எனக்குப் பிடித்தது இன்னொரு சிறுமி: கங்குச் சட்டியை விசிறிக்கொண்டே அனல் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மொட்டைமாடியில் கரி மூட்டுகிற யாரும் அந்தத் தலைத்திருப்பலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அந்தக் கிண்ணம் மேலே திறந்தது, கை கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டு போச்சு. மூடி போட்ட பெட்டி அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்னொரு வழியும் இருந்தது: கெட்டி இரும்பை அடுப்பில் காய்ச்சித் தேய்ப்பது. ஆறிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும், கைப்பிடியும் சுடும். 1871இல் மேரி பாட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் கழற்றி மாட்டுகிற மரக் கைப்பிடிக்குக் காப்புரிமை வாங்கினார். 1882இல் நியூயார்க்கில் ஹென்றி சீலி மின்சாரப் பெட்டிக்கு வாங்கினார். அப்படியும் நம் தெரு வண்டிகளில் கரி இன்னும் முழுசாக அணையவில்லை.

குறைகளும் சொல்லியாக வேண்டும். சாம்பலை அவ்வப்போது தட்டாவிட்டால் ஓட்டை வழியாகத் துணியில் தூள் விழும். மணிக்கட்டு வலிக்கும். பெரிய குறை கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறைக்குள் கரியடுப்போடு தூங்கி உயிரை விட்டவர்கள் செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வடமாநிலங்களிலிருந்து வருகிறது. அதனால் மொட்டைமாடி, முற்றம், திறந்த திண்ணை, இங்கே மட்டும்தான். அறைக்குள் வேண்டவே வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

இதையே தொழிலாக நாள் முழுக்கச் செய்கிறவர்கள் நிலை வேறு. அவர்கள் அந்தக் காற்றையே சுவாசிக்கிறார்கள். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருக்கும்போதே சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச்சுற்று வரை போனார். அந்த மாதிரி வண்டியோ கேஸ் பெட்டியோ அவர்கள் கைக்கு எட்ட வேண்டும் என்றே நினைக்கிறேன். மாதத்துக்கு நாலு வேட்டி தேய்க்கிற நமக்குக் கரி சரி, பிழைப்புக்காக அனலில் நிற்கிறவருக்கு அது நியாயமில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அடித்தட்டைக் கண்ணாடிமேல் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் தட்டு கோணல், விட்டுவிடுங்கள். கீல் ஆணி இறுக்கமா, கொண்டி தானாகத் திறக்காமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். கைப்பிடி மரம் உளுத்திருந்தால் கவலை இல்லை, எந்த ஆசாரியும் புதிதாகக் கடைந்து மாட்டிக் கொடுப்பார்.