பழைய போர்ட ரெண்டா அறுத்து செஞ்ச ஸ்ப்ளிட்போர்டு, சில சீசன் ஓட்டினப்பறம்

சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு உனக்கு எதுக்குடா இதுன்னு கேக்காத ஆளில்ல, அத விடுங்க. வருஷா வருஷம் லீவ் சேத்து வச்சு பிப்ரவரில ஸ்னோபோர்டு ஓட்ட ஜப்பான்ல ஹொக்கைடோ போறவன் நான், ஆள மேல தூக்கிட்டுப் போற கம்பி லிஃப்ட் இல்லாத சரிவுல ஏறணும்னா ஸ்ப்ளிட்போர்டு வேணும், ஏறும்போது ரெண்டா பிரிச்சு ஸ்கீ மாதிரி கால்ல மாட்டிக்கலாம், உச்சில சேத்துப் பூட்டி ஸ்னோபோர்டா இறங்கலாம். புதுசு வெல பாத்தா தல சுத்துச்சு, வீட்ல பழைய 162 செ.மீ. ஸ்னோபோர்டு சும்மா கெடந்துச்சு.

எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல வச்சு அறுத்தா பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்துருவாங்க. சுங்கை காடுட்ல மரப்பட்டறை வச்சிருக்கற அண்ணன்கிட்ட கொண்டு போனேன், "தம்பி, நல்லாத்தானே இருக்கு, ஏன் வெட்டச் சொல்றே?"ன்னு கேட்டுக் கேட்டுத்தான் மெஷின ஆன் பண்ணாரு. முனை ரெண்டுலயும் இருக்கற ஸ்டீல் எட்ஜ முதல்லயே ஹேக்சாவால வெட்டிடணும், இல்லன்னா மரம் அறுக்கற ப்ளேடு காலி. அறுத்த பக்கம் உள்மரம் தெரியும், தண்ணி இறங்கினா ஊதிப்போகும், அதனால எபாக்ஸி பூசணும், நம்ம ஊரு சூட்டுக்கு மொத்தமா கலக்கினா கப்புலயே சூடேறி கெட்டியாயிடும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலக்கணும். பூட்டு, கொக்கி, பைண்டிங் (பூட்ஸ போர்டோட இறுக்கிப் பிடிக்கறது) உக்கார்ற பக்-ங்கற துண்டு எல்லாம் வாலே கம்பெனி கிட்டு.

தூள் பனில இறங்கறதுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முழு போர்ட விட கொஞ்சம் தளர்வா முறுக்கிக்கும், அவ்வளவுதான். பிரச்சன ஏறும்போதுதான். அறுத்த பக்கம் ஸ்டீல் எட்ஜ் கெடையாது இல்லயா, சரிவுல குறுக்கா நடக்கும்போது ரெண்டு கால்லயும் மலைப்பக்கத்து விளிம்புதான் கடிக்கணும், அதுல எப்பவுமே ஒண்ணு வெறும் எபாக்ஸி. கிக் டர்ன் (நின்ன எடத்துலயே ஒவ்வொரு காலா தூக்கித் திருப்பறது) போட்டு எதிர்ப்பக்கம் திரும்பினா வழுக்கற கால் மாறும், வழுக்கறது மாறாது! யோதெய் மலைல (1,898 மீட்டர், லிஃப்ட்டே கெடையாது) கீழ காட்டுக்குள்ள சுகமா ஏறிட்டு, மரம் முடிஞ்சு காத்தடிச்சு இறுகிப்போன இடத்துக்கு வந்ததும் இது நல்லா தெரிஞ்சிரும். ஸ்கீ க்ராம்பான் (இறுகின பனிய கடிக்க அடில மாட்டற பல்லு வச்ச தகடு) இல்லாம அங்க போகாதீங்க. இன்னொண்ணு, உச்சில பக்குல ஐஸ் பிடிச்சுக்கும், சுரண்டி எடுக்காம பைண்டிங் உள்ள போகாது, கை வெறச்சுப்போயிருக்கும் அந்த நேரத்துல.

உண்மையான எதிரி பனி இல்ல, இங்க இருக்கற ஈரமும் சூடும்தான். எட்ஜ்ல மெழுக தடிமனா பூசி சுரண்டாம அப்படியே வச்சாத்தான் துரு வராது. ஏறும்போது பின்னால வழுக்காம இருக்க அடில ஒட்டற ஸ்கின் இருக்கே, அதோட பசை ஸ்டோர்ரூம் சூட்டுல இளகி நூல் நூலா வருது, அதனால இப்ப அது ஃப்ரிட்ஜ்ல, இட்லி மாவுக்குக் கீழ்த்தட்டு. அம்மா இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க.

காசு கணக்குன்னா, கிட்டும் ஸ்கின்னும் சேந்தே நல்லா இழுத்துரும், சும்மா கெடக்கற போர்டு இல்லாதவங்க இதுக்குன்னு ஒண்ணு வாங்கி அறுக்கறது வேஸ்ட், செகண்ட்ஹேண்ட் ஸ்ப்ளிட்போர்டே தேடுங்க, அதுல உள்பக்கமும் ஸ்டீல் இருக்கும். எப்படியும் பனிச்சரிவுல புதைஞ்சவங்கள தேடி எடுக்கற பீக்கன், ஷவல், ப்ரோப் மூணுக்கும் காச தனியா எடுத்து வச்சிட்டு மிச்சத்துல போர்ட பாருங்க.