100 கோழிக்குஞ்சுக்கு எந்தச் சூடு: குண்டு பல்பா, இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) பல்பா, கரிச்சட்டியா?

தர்மபுரிப் பக்கம் பாப்பிரெட்டிப்பட்டியில் பங்குனியில் குஞ்சு இறக்குவதும், ஓசூர்ப் பக்கம் தளியில் மார்கழியில் இறக்குவதும் ஒன்றல்ல. குஞ்சுக்கு வேண்டிய சூடு மட்டும் மாறாது: முதல் வாரம் அதன் முதுகு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைப்பு.

தர்மபுரி வெயில் காலத்துக்குக் குண்டு பல்பே போதும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டாகப் போடுங்கள். நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது விடியும்வரை ஓட்டும். மேலே தகரத் தட்டு கவிழ்க்காவிட்டால் சூடு கூரைக்குப் போய்விடும். எல்இடி பல்பு வெளிச்சத்துக்குத்தான், சூட்டுக்கு உதவாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிருக்கு 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பே மேலானது. காற்றைவிட நேராகக் குஞ்சின் உடம்பையே சுட வைப்பதால் கொட்டகை சில்லிட்டுக் கிடந்தாலும் வேலை செய்யும். 10 மணி நேரத்துக்கு 2.5 யூனிட், இரண்டு குண்டு பல்புக்கு 2 யூனிட். பீங்கான் ஹோல்டர் கட்டாயம், பிளாஸ்டிக் உருகிவிடும். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் ஒன்றரை அடி உயரத்தில் கட்டுங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் வெடிக்கும். தண்ணீர் டப்பா தள்ளியே இருக்கட்டும்.

கரண்ட் போகும் ஊரில் இரண்டுமே கைவிடும். அங்கே கரிச்சட்டிதான் துணை, ஆனால் ஆளைக் கேட்கும். கரியை வெளியில் வைத்துப் பற்றவைத்து, புகை நின்று செக்கச் செவேலென்று கனிந்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள். செங்கல் மேல் வைத்து, ஓட்டை போட்ட தகர மூடி போட்டு, சுற்றிக் கம்பிவலை. குளிருக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுவதுதான் பெரிய தப்பு. கனிந்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே தெரியாது. காலையில் செத்துக் கிடப்பவற்றைப் பார்த்து ‘குளிர் தாங்கல’ என்று மறுநாள் இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள்! தார்ப்பாய்க்கு மேலே ஓர் அடியாவது திறந்திருக்க வேண்டும்.

எந்தச் சூடானாலும் குஞ்சுகளைச் சுற்றித் தடுப்புத் தகடு ஒன்றரை அடி உயரம், வட்டமாக. மூலை இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். கீழே 2 அங்குலம் நெல் உமி. மரத்தூள் வேண்டாம், தின்றுவிடும். குஞ்சு வருவதற்கு முந்தின நாளே சூட்டைப் போட்டுவிடுங்கள். உமியும் சூடேற வேண்டும்.

ராத்திரி ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சூட்டுக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். தகடோரம் ஒட்டி வாய் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது: பல்பை இறக்காமல் காற்று புகும் பக்கச் சாக்குத் திரையை மட்டும் இழுத்துக் கட்டுங்கள்.