அந்தி வெளிச்சத்தில் வெளிமான் பார்க்க: 8×42, 10×42
காவிரிப் படுகையின் தென்கோடியில், 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையின் புல்வெளியில் பொழுது சாயும் நேரத்து வெளிமான்களைப் பார்க்க விரும்புவோர், நடுத்தர விலையில் 8×42 பைனாகுலரா, 10×42 பைனாகுலரா என்று தயங்குவதுண்டு. இந்த எண்களில் முதலாவது உருப்பெருக்கம்; இரண்டாவது, மில்லிமீட்டரில் முகப்பு வில்லையின் விட்டம். அந்த விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். அது முன்னதில் 5.25 மில்லிமீட்டர், பின்னதில் 4.2 மில்லிமீட்டர் என்பதால், மங்கலில் விரிந்திருக்கும் கண்பாவைக்கு 8×42 கூடுதல் வெளிச்சமான காட்சியைத் தருகிறது. தொலைவில் நிற்கும் ஆண் மானின் கொம்பு முறுக்குகளை எண்ண 10×42 உதவும் என்பது உண்மையே. ஆனால் கடற்காற்றில் கை சற்று நடுங்கினாலும் அந்த நுணுக்கம் கலைந்துவிடும். நான் 8×42-ஐயே தேர்ந்தெடுப்பேன். எதை வாங்கினாலும், ஈரம் உள்ளே புகாதபடி அடைத்து நைட்ரஜன் நிரப்பப்பட்டதா என்று கேட்டு வாங்குவது அவசியம்.