வி10 கத்துன காலமா, வி6 ஹைப்ரிட் காலமா?

எஃப்1 (ஃபார்முலா 1) கார் ரேஸ்ல இன்ஜின் ரூல்ஸ் இறுக்குனதுல லாபமா நஷ்டமான்னு கேட்டா, எனக்கு 2005 வரைக்கும் ஓடுன 3 லிட்டர் வி10-ஐயும் (பத்து சிலிண்டர்) 2014-ல வந்த 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட்டையும் (ஆறு சிலிண்டர், கூடவே மின்சாரமும்) பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கத் தோணும்.

வி10 நிமிஷத்துக்கு 19,000 சுத்து (ஆர்பிஎம்) தாண்டி அலறும், காதுல பஞ்சு வைக்காம நிக்க முடியாது, ஆனா காசு தண்ணியா ஓடுச்சு, ரேஸ்ல யார் எந்த இடத்துல கிளம்புறதுன்னு முடிவு பண்ற க்வாலிஃபையிங்குக்கு ஒரு இன்ஜின் ரேஸுக்கு இன்னொண்ணுன்னு மாத்திட்டே இருந்தாங்க, 2004-லதான் ஒரு வாரக்கடைசிக்கு ஒரே இன்ஜின்னு கடிவாளம் போட்டாங்க.

ஹைப்ரிட்டுக்கு ஆரம்பத்துல ரேஸ் முழுசுக்கும் 100 கிலோ பெட்ரோல்தான், அதுல 300 கிமீ விரட்டணும், மெர்சிடீஸ் 50 சதவீத தெர்மல் எஃபிஷியன்சியை (எரியுற பெட்ரோல் சக்தியில பாதி வேலையா மாறுறது) தொட்டதே இந்த நெருக்கடியாலதான், அது சும்மா இல்லப்பா. சத்தம்தான் சப்புன்னு போச்சு. என் கடுப்பு அது இல்ல, இன்ஜினை மாத்தி டெவலப் பண்றதுக்கு டோக்கன்னு (இவ்வளவு மாத்தம்தான்னு எண்ணிக் குடுக்குற கணக்கு) பூட்டு போட்டதுதான்: 2014-ல 19 ரேஸ்ல 16 மெர்சிடீஸுக்கு, 2015-ல மெக்லாரனோட திரும்பி வந்த ஹோண்டா எழுந்திரிக்கவே வருஷக்கணக்காச்சு.

அளவா எரின்னு சொல்ற ரூல் ஓகே, பின்தங்குனவனை எழுந்திரிக்க விடாத ரூல்தான் ரேஸைக் கெடுக்குது. 2026-க்கு எம்ஜியூ-எச்சைத் (டர்போவுல இருந்து மின்சாரம் எடுக்குற சிக்கலான பாகம்) தூக்குனதும் ஆடி (Audi) கம்பெனி உள்ள வந்துச்சு பாருங்க.