பேனல் மாற்றச் சொன்ன லேப்டாப்பை டிரைவரிலேயே சரிசெய்த கடை

காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் சர்வீஸ் தேடுகிறவர்கள் தைரியமாக இந்தக் கடைக்குப் போகலாம். நான் லாங் பஜாரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன், லேப்டாப்பில் லினக்ஸ், இன்டெல் கிராபிக்ஸ். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரையில் பொடிப்பொடியாகக் குறுக்குக் கோடுகள் வந்து வந்து போயின. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சுத்தமாக இருக்கும். அதை வைத்தே வேறொரு கடையில் பேனல் போச்சு, 6,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

இங்கே இருக்கும் தம்பி முதலில் வெளி மானிட்டரை மாட்டிப் பார்த்தார். அதிலும் அதே கோடு. சரி, பேனல்மேல் தப்பில்லை. அப்புறம் திரையைக் கிட்டத்தில் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, ஒரு கோட்டின் நீளத்தை எண்ணிக் காட்டினார்: 16 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் 64 பைட், பிராசஸருக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகமான கேஷ் (cache) ஒரே தடவையில் கையாளும் துண்டின், அதாவது ஒரு கேஷ் லைனின், அளவும் அதேதான். "அண்ணா, இது கேஷ் ஃபிளஷ் ஆகாத கேஸ்" என்றார்.

பிராசஸர் எழுதும் படம் முதலில் கேஷில் நிற்கும், ஆனால் திரைக்கு அனுப்பும் பகுதி கேஷைப் பார்க்காமல் நேராக ரேமிலிருந்து எடுக்கும், அதனால் நடுவில் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் ஃபிளஷ் செய்து ரேமுக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் தள்ளினால் மெஷின் இழுக்கும். அதற்காக இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 டிரைவர், படம் வைக்கும் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் (பஃபர்) 'ஃபிளஷ் பாக்கி' என்று ஒரு குறி வைத்துக்கொள்கிறது. எழுதிய பிறகும் அந்தக் குறி விழாமல் போனால் டிரைவர் ஃபிளஷ்ஷை விட்டுவிடும், ரேமில் இருக்கும் பழைய துணுக்கே திரைக்கு வரும். ஸ்கிரீன்ஷாட் கேஷ் வழியாகப் படிப்பதால் அதில் மட்டும் சரியாக இருக்கும்.

இந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வரும். அதனால் பூட் மெனுவில் அப்டேட்டுக்கு முந்தைய பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தார், ஒரு கோடு இல்லை. அதிலேயே ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, திருத்தம் சேர்ந்த கர்னல் வந்ததும் அவரே போன் செய்து கூப்பிட்டு ஏற்றிக் கொடுத்தார். மொத்தம் 300 ரூபாய்தான் வாங்கினார். பேனலை மாற்றி முழுப் பணம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், அதைச் செய்யாத நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

மாடிப்படி செங்குத்து, வண்டி நிறுத்த இடமில்லை. சாயங்காலம் விஐடி பசங்க கூட்டம் இருக்கும், காலையில் போங்கள். லினக்ஸ் மெஷின் என்றால் பழைய கர்னலை அழிக்காமல் கொண்டுபோங்கள், வேலை சீக்கிரம் முடியும்.