விசைப்படகு இன்ஜின் அறைக்குக் காற்றோட்டம்: ஐந்து பருவம் ஓட்டியபின்

15 மீட்டர் ஃபைபர் இழுவைமடிப் படகு. உள்ளே 120 குதிரைத்திறன், 5.7 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், டர்போ இல்லாதது. தண்ணீர் கலக்காத உலர் புகைக்குழாய், இன்ஜின் அறைக்குள் இரண்டு மீட்டர் ஓடி மேலே ஏறுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்து படகு இறங்குவதே வெக்கை உச்சத்தில் இருக்கும் நாட்களில் என்பதால், காற்றோட்டத்தில் உள்ள குறை முதல் பயணத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்து பருவத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்லக்கூடியது: காசை முதலில் ஃபேனில் போடாதீர்கள். புகைக்குழாய்க்கு உறை, பிறகு காற்று உள்ளே வரும் வாய், கடைசியில்தான் ஃபேன்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இந்த அளவு இன்ஜின் தன் உடம்பிலிருந்து அறைக்குள் விடும் சூடு ஏறத்தாழ 6 கிலோவாட். நான்கு அங்குலப் புகைக்குழாய் உறையில்லாமல் 350 டிகிரியில் இரண்டு மீட்டர் ஓடினால், அதுவும் தனியாக 6 கிலோவாட் கக்கும். அறைக்குள் இரண்டாவது இன்ஜின் ஓடுகிற மாதிரி. இதை விட்டுவிட்டு ஃபேனைப் பெரிதாக்குவது வீண் செலவு.

உறைக்கு 50 மில்லிமீட்டர் செராமிக் கம்பளி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி, அதற்கும் மேல் அலுமினியத் தகடு. தகடு அலங்காரத்துக்கு அல்ல. எண்ணெய் தெறித்துக் கம்பளி ஊறிவிட்டால் அதுவே தீப்பிடிக்கும் பொருளாகிவிடும். தகடு அதைத் தடுக்கிறது. எண்ணெய் ஊறிய பகுதியைத் துடைத்துவிட்டு விடக்கூடாது, வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இறுக்கும் விளிம்பு) இணைப்புகளையும் பெல்லோஸையும் (அதிர்வைத் தாங்கும் மடிப்புக் குழாய்) நிரந்தரமாக மூடாமல், கழற்றக்கூடிய சட்டை போல உறை தைத்துப் போடுங்கள். புகைக்கசிவு முதலில் அங்கேதான் கரிக்கோடாகத் தெரியும். குழாயில் நேரடியாக இறுக்கிச் சுற்றும் டேப் உப்புத்தண்ணீரைப் பிடித்துவைத்து, உள்ளே இரும்பை அரித்துவிடுகிறது. இரண்டாம் பருவத்திலேயே அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டவே வேண்டாம். செராமிக் கம்பளியை வெட்டும்போதும் முகக்கவசம் போடுங்கள்.

அடுத்தது காற்று. 2000 சுற்றில் இந்த இன்ஜின் எரிப்புக்கு மட்டும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்றை விழுங்கும். 6 கிலோவாட் சூட்டை வெளியேற்றி, அறையை வெளிவெக்கையைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறாமல் வைக்க 21 கன மீட்டர் வேண்டும். காற்று நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் விரைந்தால் சாரலையும் சேர்த்து இழுத்துவரும். அந்த வேகத்துக்குள் நிற்க, உள்வாயில் அடைப்பில்லாத திறப்பு 1200 சதுர சென்டிமீட்டர் தேவை. பல படகுகளில் இருக்கும் நான்கு அங்குலக் குழாய் ஒன்றின் வாய் வெறும் 81 சதுர சென்டிமீட்டர்!

சாய்சட்டமும் வலையும் திறப்பில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதனால் இடம் வலம் இரண்டு பக்கமும் 30க்கு 40 சென்டிமீட்டரில் ஒவ்வொரு வாய். இரண்டும் நேரே அறைக்குள் திறக்காமல், ஒரு பொதுப் பெட்டிக்குள் திறக்கின்றன. பெட்டிக்குள் குறுக்குத் தடுப்பு, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. ஃபேன் அந்தப் பெட்டியிலிருந்து இழுத்து அறைக்குள் தள்ளுகிறது. சாரல் பெட்டியிலேயே விழுந்து வடிந்துவிடும்.

ஃபேன் உள்ளே தள்ள வேண்டுமா, வெளியே இழுக்க வேண்டுமா என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டீசல் இன்ஜின் ஓடும்போது வெளியே இழுக்கும் ஃபேன், காற்றுக்காக இன்ஜினோடு போட்டி போடுகிறது. அறையில் அழுத்தம் குறைந்து மூடி இறுகிக்கொள்ளும், இன்ஜின் கரும்புகை விடும். தள்ளுவதே சரி. வரும் காற்றை இன்ஜினின் முன்பக்கம், தரைப்பலகையிலிருந்து ஒரு அடி உயரத்தில் விடுங்கள். அதைவிடத் தாழ்த்தினால் படகு உருளும்போது அடித்தண்ணீர் வாயை அடைக்கும். ஒரு கிளைக்குழாயை ஏர் ஃபில்டர் பக்கம் கொண்டுபோய், 20 சென்டிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். நேரே இணைத்தால் தப்பிவரும் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். சூடு வெளியேறும் வாய் கூரையின் உச்சியில், பின்கோடியில். அது உள்வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் போன சூடே திரும்பி வரும்.

ஃபேனே இல்லாமல், முன்னோக்கிய காற்றுக்கூம்பு மட்டும் போதாதா? துறைக்குத் திரும்பும் ஓட்டத்தில் போதும். கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) முதுகில் அடிக்க, கிழக்கே பார்த்து மடி இழுக்கும்போது போதாது. வேகம் மணிக்கு 2, 3 கடல்மைல்தான், இன்ஜினோ முழுச் சுமையில். காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் கூம்புக்குள் காற்றே இருக்காது.

ஃபேன், பஸ் ஏசியில் வரும் 24 வோல்ட் 12 அங்குல வகை. ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்ட காற்றளவு, குழாயும் வலையும் இல்லாமல் எடுத்தது. மூன்றில் ஒரு பங்கு கழித்துக் கணக்குப் போடுங்கள். 8 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்குப் போக வர 12 மீட்டர் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டரில் இருந்தால், 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஸ்விட்ச் வீல்ஹவுஸில் (சுக்கான் அறை) இருக்கட்டும். தீப்பிடித்தால் ஃபேனை நிறுத்தவும், எல்லா வாய்களையும் மூடவும் அறைக்குள் இறங்க வேண்டிய நிலை வரக்கூடாது; வாய்களுக்கு மூடுபலகை கட்டாயம்.

இன்ஜினை நிறுத்தியவுடன் ஃபேனையும் நிறுத்துவது பழக்கதோஷம். குளிர்நீர் ஓட்டம் நின்றபின் இரும்பில் தேங்கிய சூடு முழுவதும் அறைக்குள் இறங்குகிறது. அடுத்த கால் மணி நேரம்தான் ஆல்டர்நேட்டருக்கும் பேட்டரிக்கும் பெரிய தண்டனை. 15 நிமிட டைமர் ரிலே மலிவு, பலன் பெரிது.

அமைப்பு போதுமா என்று பார்க்க உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர் போதும். U வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அறைக்குள்ளும் மறுமுனையை வெளியிலும் வையுங்கள். மூடியைச் சாத்தி முழுச் சுமையில் ஓட்டும்போது, அறைப்பக்கத் தண்ணீர் 12 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றால் காற்று போதவில்லை. டியூப் இல்லையென்றால் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் புகை வெளுத்தாலோ சுற்று ஏறினாலோ அதே பொருள்தான். ஏர் ஃபில்டர் வாயில் ஒரு வெப்பமானி இருப்பதும் நல்லது: 30 டிகிரிக் காற்று 60 டிகிரியாக உள்ளே போனால் ஒவ்வொரு உறிஞ்சலிலும் 9 சதவீதம் காற்று குறைகிறது. டீசல் அளவு அதேதான், எனவே மிச்சம் கரியாகப் போகிறது.

சமையல் கேஸ் சிலிண்டரை இந்த அறையிலோ, இதை ஒட்டியோ வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடித்தண்ணீர்க் குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் வாய் அதை எடுக்காது. உள்ளே பெட்ரோல் இன்ஜின் வைத்த படகுகளுக்கும் மேலே சொன்ன ஃபேன் முறை பொருந்தாது. அங்கே ஆவியை அடியிலிருந்து இழுத்து வெளியேற்றும், பொறி கசியாத ப்ளோயர்தான் வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடமாவது அது ஓட வேண்டும்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, ஃபைபரில் வார்த்த பெட்டிக்கும் குழாய்க்கும் இதுவரை ஒரு குறையும் இல்லை. நெளிவுக் குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கியதால் எடுத்தாயிற்று. அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக அரித்தது. இடையில் நைலான் வாஷர் வைத்தபின் நின்றது. வலையில் உப்பும் கரியும் சேர்ந்து பசைபோல் அடைத்துக்கொள்வதால் ஒவ்வொரு கரைதிரும்பலிலும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷும் பேரிங்கும்தான் முதலில் போகின்றன. தடைக்காலத்தில் கழற்றிப் பாருங்கள். மாற்று ஃபேன் ஒன்று, பிளக் பொருத்தித் தயாராகப் படகிலேயே இருக்கட்டும்.