டென்ஸ் கருவி: வலிக்குச் சரி, சில்லிட்ட பாதத்துக்கு?

டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே லேசான மின்துடிப்புகளைச் செலுத்தி வலியைக் குறைக்கும் சிறு கருவி. பெட்டியில் "ரத்த ஓட்டம் பெருகும்" என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். எனக்குப் பாதம் எப்போதும் சில்லென்றே இருக்கும். 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 100 துடிப்பில், வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, முழங்கால் வலி நன்றாகவே அடங்குகிறது. பாதம் மட்டும் அதே சில். வெப்பமானியை ஒட்டிப் பார்த்தேன், அசைவில்லை. 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, கெண்டைச்சதை துடிக்கும் அளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டினால்தான் லேசான கதகதப்பு. வேலை செய்யும் தசைதானே ரத்தத்தைக் கேட்டு வாங்கும்! பட்டையை உரித்ததும் தெரியும் சிவப்பைப் பார்த்து மகிழ வேண்டாம். அது பசையின் எரிச்சலாகவும் இருக்கலாம். அந்தப் பசையும் சீக்கிரமே போய்விடுகிறது, கடுப்பு. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வலிக்கு வாங்கலாம். சூட்டுக்காக என்றால் கம்பளிக் காலுறையே மேல்.